சென்னைத் துறைமுகத்தில் சரக்கு நிற்கிறது, கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் லாரி கிடைக்கவில்லை. என்ன செய்வது?

செங்குன்றம் மண்டி:
வணக்கம். மியான்மரிலிருந்து உளுந்து வரவழைத்து செங்குன்றம் குடோனில் இறக்கி, மாவுக் கடைகளுக்கும் சில்லறைக்காரர்களுக்கும் கொடுத்து வருகிறோம். இந்த முறை கப்பல் வந்தாயிற்று, சுங்கத்தில் எல்லாம் முடிந்து சரக்கை எடுத்துப்போகும் அனுமதியான அவுட் ஆஃப் சார்ஜும் வாங்கியாயிற்று, ஆனால் கன்டெய்னரை வெளியே எடுக்க டிரெய்லர் இல்லை. வழக்கமான டிரான்ஸ்போர்ட்காரரைக் கேட்டால் "வண்டியெல்லாம் கியூவில் நிற்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார், மறுநாளும் அதையேதான் சொல்கிறார். வெளியே விசாரித்தால் வாடகையை ஏற்றிச் சொல்கிறார்கள். இதற்குள் ஃப்ரீ டேஸ் (கட்டணம் இல்லாத நாட்கள்) முடிந்து, பெட்டி துறைமுகத்தில் நிற்பதற்கான டெர்மினல் வாடகை ஒரு பக்கம், கப்பல் கம்பெனி தன் பெட்டிக்குக் கேட்கும் டிடென்ஷன் ஒரு பக்கம் என்று ஏறிக்கொண்டே போகிறது. மூட்டைக்கு விலை பேசிக் கொடுத்துவிட்டோம், இனி கூட்டிக் கேட்க முடியாது. நேரடியாக டெர்மினலில் இருந்தே எடுக்கிறோம் என்று டிபிடி போட்டிருந்தோம். தாமதம் என்னால் ஏற்பட்டது இல்லை, அதற்கு நான் ஏன் கட்ட வேண்டும்? டிரெய்லர் நிஜமாகவே குறைந்துவிட்டதா, இல்லை வாடகையை ஏற்றத்தான் இப்படிச் சொல்கிறார்களா?

ஹார்பர் பேப்பர்:
கிளியரிங் வேலையில் இருக்கிறேன். முதலில் அந்த இரண்டு செலவையும் பிரித்துப் பாருங்கள். டெர்மினல் வாடகை கன்டெய்னர் அங்கே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வரை. டிடென்ஷன் அப்படி இல்லை, காலிப் பெட்டியை அவர்கள் சொல்லும் யார்டில் திருப்பி விடும் வரை ஓடும். அதனால் சரக்கு உங்கள் குடோனுக்கு வந்தாலும் பெட்டி திரும்பாமல் நின்றால் டிடென்ஷன் நிற்காது. யார் தவறு என்ற கேள்வி கப்பல் கம்பெனியிடம் எடுபடாது, கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் ஒத்துக்கொண்ட விஷயம் அது. ஆனாலும் டெர்மினல் நெரிசல் பற்றி அறிவிப்பு ஏதாவது விட்டிருந்தால் அதை இணைத்து, தள்ளுபடி கேட்டு இன்றைக்கே மெயில் போடுங்கள். மொத்தமாக விட மாட்டார்கள், கேட்டால் சில நாள் குறைப்பதுண்டு. கேட்காதவருக்கு எதுவும் கிடையாது.

உங்கள் சரக்கு மூட்டை என்பதால் ஒரு வழி இருக்கிறது. டிபிடியை விட்டுவிட்டு கன்டெய்னரை சிஎஃப்எஸ்ஸுக்கு, அதாவது துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் கன்டெய்னர் கிடங்குக்கு, மாற்றச் சொல்லுங்கள். மாதவரம், மணலி பக்கம் நிறைய இருக்கின்றன, அங்கே கொண்டுபோவது அவர்கள் வண்டி, நீங்கள் டிரெய்லர் தேட வேண்டாம். அங்கேயே பிரித்து மூட்டையை சாதாரண லாரியில் ஏற்றிக்கொள்ளலாம். கையாளும் கூலி கூடுதல்தான், ஆனால் டெர்மினல் வாடகை நின்றுவிடும், காலிப் பெட்டியும் சீக்கிரம் திரும்பும். இரண்டையும் எழுதிக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடுத்த முறைக்கு, சரக்கு வாங்கும்போதே விற்பவரிடம் பேசி டிடென்ஷன் ஃப்ரீ டேஸை அதிகமாக எழுதி வாங்குங்கள், பெட்டி வந்த பிறகு கேட்டால் தர மாட்டார்கள். சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியை கப்பல் வர 30 நாள் இருக்கும்போதே போடலாம், கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள்.

மாதவரம் டிரெய்லர்:
அண்ணே, வண்டி இருக்கிறது, டிரிப்தான் குறைந்துவிட்டது. எம்.ஓ.ஆர். ரோடு (மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைச் சாலை), எர்ணாவூர், எண்ணூர் விரைவுச்சாலை வழியாகத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு ராத்திரி போய்விடும். ஒருநாளில் முடிய வேண்டிய நடை இரண்டு நாள் ஆனால், பத்து வண்டி வைத்திருப்பவரிடம் ஐந்து வண்டி இருப்பது போலத்தான். வண்டி நின்றாலும் தவணை நிற்காது, இன்சூரன்ஸ் நிற்காது. நாங்கள் ஹால்டிங் (வண்டி காத்து நிற்பதற்கான காசு) கேட்பது அதனால்தான், வேண்டுமென்றே ஏற்றுகிறோம் என்று நினைக்காதீர்கள்.

அதைவிட எனக்குக் கவலை டிரைவர்கள்தான். நிறைய பேருக்குச் சம்பளம் நடைக்கு இவ்வளவு என்றுதான், கியூவில் நிற்கும் நேரத்துக்கு ஒரு ரூபாய் கிடையாது. கேபினை விட்டு இறங்க முடியாது, முன்னால் வண்டி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும், கழிப்பறை கிடையாது, குளிக்க இடம் கிடையாது, தூங்கினால் பேட்டரியோ டீசலோ திருட்டுப் போகும். 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு எட்டு மணி நேரம் என்றது, 2025 நவம்பரில் அதற்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. எட்டு மணி நேரத்தை இந்தச் சாலையில் யார் பார்க்கிறார்கள்? 2025 அக்டோபரில் இருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆகிவிட்டது, நல்லது, ஆனால் ரோட்டில் ஓடுவதெல்லாம் பழைய வண்டி. சங்ககிரி, நாமக்கல் பக்கம் அப்பா லாரி ஓட்டினார் என்றால் மகனும் வருவான், இப்போது வருவதில்லை. அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

எர்ணாவூர்வாசி:
நாங்களும் இந்த ரோட்டில்தான் வாழ்கிறோம். டிரெய்லர் ஒரு வரிசையை அடைத்துக்கொண்டால் ஆம்புலன்ஸ் போக வழி இல்லை, பிள்ளைகள் வண்டி இடுக்கில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மதுரவாயல் துறைமுகம் மேம்பாலத்துக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள், கூவம் ஆற்றில் தூண் போடும் பிரச்சினையில் 2012இல் நின்றது, 2022இல் ஈரடுக்காக மறுபடி அடிக்கல். சுமார் 20 கிலோமீட்டர் பாலம். இவ்வளவு வருஷமும் அந்தச் சரக்கில் பெரும்பகுதி எங்கள் வாசல் வழியாகத்தான் போனது.

ஹார்பர் பேப்பர்:
பாலம் தேவைதான், ஆனால் பாலம் வந்தாலும் கேட்டுக்குள் வேகம் இல்லை என்றால் கியூ பாலத்தின் மேல் நிற்கும். 2021இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களுக்கு வெளியே ஏராளமான கப்பல்கள் காத்திருந்தபோது 24 மணி நேரமும் வேலை செய்வோம் என்று அறிவித்தார்கள். ஆனால் ராத்திரி குடோன்கள் மூடியிருந்தால் வண்டி எங்கே போய் இறக்கும்? கேட், வண்டி, குடோன் மூன்றும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும்.

செங்குன்றம் மண்டி:
எல்லோருக்கும் நன்றி. சிஎஃப்எஸ் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன், அதுவே குறைவாக வருகிறது, மாற்றச் சொல்லி எழுதிவிட்டேன். மாதவரம் அண்ணனுக்கு ஒரு கேள்வி. வண்டி நடுராத்திரி வந்தால் சுமை தூக்க ஆள் இல்லை, காலை வரை நிற்க வைத்துவிடுகிறோம். அடுத்த லோடுக்கு இதை எப்படிச் சமாளிப்பது?

மாதவரம் டிரெய்லர்:
கேட்டை விட்டு வண்டி வெளியே வந்ததும் டிரைவர் உங்களுக்கு போன் செய்வார், அங்கிருந்து செங்குன்றம் வர எப்படியும் நேரம் ஆகும், அதற்குள் ஆளைக் கூப்பிடுங்கள். ராத்திரிக் கூலி கூடுதல் கேட்பார்கள், அதைக் கொடுத்துவிடுங்கள், ஒருநாள் டிடென்ஷனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் டிரைவருக்குப் படுக்க ஒரு இடமும் கழிப்பறைச் சாவியும் கொடுங்கள், ஹால்டிங் காசை அவர் கையிலேயே கொடுங்கள். அடுத்த முறை உங்கள் லோடு என்றால் டிரைவர்கள் தாங்களாகவே கேட்டு வருவார்கள்.