வெளிநாட்டுச் சந்தைக்கு உங்கள் கம்பெனி எப்படித் திட்டம் போட்டது? வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து அனுபவங்கள்

ராணிப்பேட்டை காஸ்டிங்

போன வாரம் எங்கள் தோல், ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் ஒரு கூட்டம். பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து ‘2030 வரை உலகச் சந்தைத் திட்டம்’ என்று 42 ஸ்லைடு ஓட்டினார். பலம், பலவீனம் என்று நான்கு கட்டம், அப்புறம் ஓர் உலக வரைபடம், அதில் ராணிப்பேட்டையிலிருந்து நாலாபக்கமும் கிளம்பும் அம்புகள். பின்வரிசையில் எங்கள் டேனரி (தோல் பதனிடும் ஆலை) மேஸ்திரி நன்றாகத் தூங்கிவிட்டார்.

நான் காஸ்டிங்கில் 6 வருஷமாக இருக்கிறேன். ஒரு ஜோடி ஷூவுக்கு எத்தனை ரூபாய் அடங்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். இந்த மாதிரி பெரிய முடிவை ஒரு கம்பெனி எடுத்ததை நீங்கள் யாராவது நேரில் பார்த்திருக்கிறீர்களா? எப்படி எடுத்தார்கள்? பாடப் புத்தகத்தில் இருப்பது வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்.

வாணியம்பாடி பழைய ஆள்

தம்பி, நான் 1979இல் ஒரு தோல் மண்டியில் கணக்குப்பிள்ளைக்கு உதவியாகச் சேர்ந்தேன். ஓய்வு பெற்று 12 வருஷம் ஆகிறது. ஸ்லைடு எல்லாம் அப்போது கிடையாது, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நான் சேர்ந்த காலத்தில் முதலாளிமார் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு 1973க்குப் போய்விடும். அதுவரை நம் பக்கத்தில் பெரும்பாலும் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) என்கிற பாதி பதனிட்ட தோல்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு, கட்டுக் கட்டி, மெட்ராஸில் கப்பல் ஏற்றினால் நம் வேலை முடிந்தது. சாயம், பாலிஷ், ஷூ, கைப்பை எல்லாம் வாங்குகிற நாட்டுக்காரன் பாடு. 1972இல் சீதாராமய்யா குழு அறிக்கை கொடுத்தது. அடுத்த வருஷம் பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது, பாதி பதனிட்ட தோலுக்குக் கோட்டா போட்டார்கள். முழுசாக முடித்த தோலாக அனுப்பு, முடிந்தால் ஷூவாக அனுப்பு என்பதுதான் அதன் அர்த்தம். ஆக, இந்த ஊரின் முதல் ‘உலகச் சந்தைத் திட்டம்’ டெல்லியில் எழுதியது. இங்கே இருந்தவர்கள் அதற்கு என்ன பதில் செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். சிலர் கோட்டாவை வைத்தே காலம் தள்ளினார்கள். சிலர் கடன் வாங்கி இத்தாலி மெஷின் இறக்கினார்கள். எங்கள் முதலாளி இரண்டாவது வகை. கடன் வாங்கிய நாளில் அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று சொல்வார்கள், உண்மையா தெரியாது.

நான் கண்ணால் பார்த்தது 1990. அதற்கு முந்தின வருஷக் கடைசியில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்கிற ரசாயனத்துக்குத் தடை போட்டது. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க நாங்கள் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த மருந்து. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே வராது. டெலக்ஸ் வந்தது. படித்துக் காட்டினேன். முதலாளி கேட்ட முதல் கேள்வி, “நம்ம கிட்ட எவ்வளவு இருக்கு?”

குடோனில் தேடி எடுத்து ஓரம் வைத்துவிட்டு வேறு மருந்துக்கு மாறினோம். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தால், அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பிய சாம்பிளில் மறுபடியும் கூடுதலாகவே வந்தது. எப்படி? நாங்கள்தான் போடவில்லையே! யோசித்துப் பார்த்தால், எங்கள் தோலில் சரிபாதி வெளியில் வாங்கிய, பாதி பதனிட்ட தோல். அதை விற்றவன் போட்டிருக்கிறான். போதாததற்கு, தோலைப் போட்டுச் சுற்றும் பழைய மர டிரம்மின் பலகையில் ஊறிக் கிடப்பதுகூடக் கசியும் என்று அங்கே சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் முதலாளி, மேஸ்திரி, நான், மூன்று பேரும் டிரம் பக்கத்தில் நின்று பேசியதுதான் எங்கள் கம்பெனியின் திட்டக் கூட்டம். “இனிமே வெளியில வாங்கறது மூணு இடத்துல மட்டும். அவங்க மருந்து ரூமை நம்ம ஆள் போய்ப் பார்க்கணும்” என்றார் முதலாளி. மேஸ்திரி, “அப்போ விலை ஏறும் சாகிப்” என்றார். “ஏறட்டும். ஆர்டர் பாதியா குறைஞ்சாலும் பரவாயில்ல, ஜெர்மனிக்காரனை விட மாட்டேன்.” கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வருஷம் நஷ்டம்தான், எனக்குப் போனஸும் இல்லை. அடுத்து 1994இல் அதே ஜெர்மனி தோலுக்கும் துணிக்கும் போடும் சில அசோ சாயங்களுக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது மற்றவர்கள் தலையில் கை வைத்தார்கள். எங்களிடம் எந்தத் தோல் எங்கிருந்து வந்தது, அதில் என்ன போட்டது என்று நோட்டு இருந்தது. அந்த நோட்டை எழுதியவன் நான்.

ஆம்பூர் மெர்ச்சண்டைசர்

பெரியவர் எழுதியதைப் படித்ததும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பாவில் தோல் பொருளில் குரோமியம் 6 கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்று விதி. நாம் தோலில் போடுவது குரோமியம் 3, அதில் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் சூடும் காற்றும் பட்டு, உள்ளே இருக்கும் சில எண்ணெய்களோடு சேர்ந்து அது 6ஆக மாறும். போட்டது ஒன்று, போய்ச் சேருவது ஒன்று.

எங்கள் சரக்கு இங்கே சோதனையில் பாஸ். ஒரு மாதம் கன்டெய்னரில் வெந்து அங்கே இறங்கியதும் ஃபெயில். பையரின் (சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) தரக்கட்டுப்பாட்டு அம்மா ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், மூன்றே வரி. நான் வேலைக்குச் சேர்ந்து 14 மாதம்தான். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்து பதில் எழுதினேன்.

அப்புறம் எண்ணெயை மாற்றினோம், சோதனைக்கு அனுப்பும் முன் தோலை ஓவனில் 80 டிகிரியில் ஒரு நாள் வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. இன்னொன்றும் செய்தார்கள். மறுபதனிடும்போது தாவரத் துவர்ப்புச் சத்தைச் சேர்த்தால் குரோமியம் 6 உண்டாவது குறைகிறது. பெரியவர் சொன்ன பட்டை, கடுக்காய் வகையறாதான், இப்போது பவுடராக வெளிநாட்டு மூட்டையில் வருகிறது. எங்கள் டேனரி ஆள் மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்து, “எங்க தாத்தா வீட்டு வாசனைம்மா” என்றார்.

விலை விஷயமும் சொல்ல வேண்டும். பையர்கள் ஒவ்வொரு சீசனுக்கும் டார்கெட் பிரைஸ் என்று ஒன்றைக் கொண்டு வருவார்கள். “வங்கதேசத்தில் இதைவிடக் குறைவு, வியட்நாமில் இதைவிடக் குறைவு.” பொய் இல்லை. வங்கதேசத்துக்கு ஐரோப்பாவில் சுங்கமே இல்லை. வியட்நாமுக்கு 2020 ஆகஸ்ட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சுங்கம் குறைக்கும் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதைச் சமாளிக்க நாங்கள் முதலில் செய்தது முட்டாள்தனம். எல்லா ஆர்டருக்கும் விலையைக் குறைத்துக் கொடுத்தோம். உற்பத்தி லைன் நிரம்பியது, பணம் வரவில்லை. இரண்டு சீசன் கழித்து எங்கள் இயக்குநர் லேடீஸ் பம்ப் ஷூ, மலிவு சாண்டல் இரண்டையும் நிறுத்திவிட்டு, ஆண்கள் ஃபார்மல், அதிலும் வெல்ட் தையல் (மேல் தோலையும் அடிப்பாகத்தையும் நடுவில் ஒரு பட்டை வைத்துத் தைப்பது) போட்ட கனமான ஷூவுக்கு மட்டும் லைனை ஒதுக்கினார். ஆர்டர் அளவு சின்னது, டெலிவரி நாள் கொஞ்சம் அதிகம் தருவார்கள், விலையில் அவ்வளவு அடிக்க மாட்டார்கள்.

அதோடு கட்டிங் ஹாலில் ஒரு மாற்றம். ஷூ விலையில் பெரிய பங்கு தோல்தான். எங்களிடம் 30 வருஷம் வெட்டிய ஓர் அண்ணா இருந்தார். தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்துக்குச் சாய்த்து, கொசுக்கடித் தழும்பு, முள் கீறல் எங்கே என்று விரலால் தடவிப் பார்த்து, தழும்பு விழும் இடத்தை ஷூவில் லேஸுக்கு அடியில் வரும் நாக்குப் பகுதிக்கு ஒதுக்கிவிடுவார், வெளியில் தெரியாது. நல்ல முதுகுப் பாகம் முன்பக்கத்துக்கு. அவர் மேசையில் மிஞ்சும் துண்டு மற்றவர் மேசையைவிட எப்போதும் குறைவு. இயக்குநர் செய்தது என்ன என்றால், அவரைக் கட்டிங்கிலிருந்து எடுத்து, சாம்பிள் ரூமில் உட்கார வைத்தார். டிசைன் போடும்போதே இந்தத் துண்டு தோலில் எப்படி அடங்கும் என்று அவரைக் கேட்டுத்தான் பேட்டர்ன் முடிவாகும். டிசைனர் பையனுக்கு முதலில் கோபம். அப்புறம் அவரும் “அண்ணா, கொஞ்சம் பாருங்களேன்” என்று போக ஆரம்பித்துவிட்டார்.

பாலாற்றுக்காரன்

நல்லாத்தான் பேசுகிறீர்கள். டேனரிக் கழிவுநீர் இறங்கிய எங்கள் கிணற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தென்னை வைத்தவர். நான் டேனரிக் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். இரண்டு பக்கமும் தெரியும். 1996 ஆகஸ்ட் 28 வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் எங்கள் ஊர் பெயர் தெரியும், எங்கள் ஊர்த் தண்ணீர் ருசி தெரியாது. அப்புறம் 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மறுபடி இந்தப் பிரச்சினையில் உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம்.

திட்டம் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? கழிவுநீர்ச் செலவை முதலிலேயே ஜோடி விலையில் சேர்த்தவர்களும் உண்டு. ‘பிறகு பார்க்கலாம்’ என்று இருந்தவர்களும் உண்டு. பிறகு பார்த்தவர்களில் பலர் இப்போது இல்லை. வெளிநாட்டு பிராண்டுகள், டேனரிகளின் சுற்றுச்சூழல் நடைமுறையைச் சோதிக்கும் லெதர் ஒர்க்கிங் குரூப்பின் தணிக்கைச் சான்றிதழ் கேட்க ஆரம்பித்த பிறகு, தண்ணீர் மீட்டர் ரீடிங்கைக் கேட்டு எங்கள் நிலையத்துக்கே போன் வருகிறது. பொல்யூஷன் போர்டு கேட்டபோது வராத அவசரம்.

ஆனாலும் ஒன்று. ஆர்.ஓ. போட்டு, ஆவியாக்கி, தண்ணீரைத் திரும்ப எடுத்துவிடுகிறோம். கடைசியில் உப்பு மிஞ்சும். அந்த உப்பை எந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்வது என்று உங்கள் ஆலோசகரைக் கேட்டுச் சொல்லுங்கள். ஷெட்டில் மூட்டை மூட்டையாக இருக்கிறது.

வாணியம்பாடி பழைய ஆள்

தம்பி சொல்வது சரி. எங்கள் மண்டியும் அதில் பங்குதான். மறுக்க மாட்டேன்.

பணப்பாக்கம் பக்கம்

நான் தோல் ஆள் இல்லை. என் அக்கா மகள் செய்யாறு சிப்காட்டில் ஸ்போர்ட்ஸ் ஷூ கம்பெனியில் இருக்கிறாள். அங்கே தோலே கிடையாது. மெஷ் துணி, ஃபோம், ரப்பர். 2024 டிசம்பரில் எங்கள் பணப்பாக்கத்திலும் தைவானின் ஹாங் ஃபூ ஷூ கம்பெனிக்கு அடிக்கல் போட்டார்கள். 1,500 கோடி ரூபாய், 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. மாநில அரசு 2022இல் காலணிக்கென்று தனிக் கொள்கையே போட்டது. உலகம் போடுகிற ஷூவில் பெரும்பகுதி தோல் இல்லாத ஷூ என்பதைக் கவனித்துத்தான்.

அக்கா மகள் சொன்ன ஒரு விஷயம்: அவளுடைய லைனில் ஒரு தையலுக்கு எத்தனை விநாடி என்று எழுதி ஒட்டியிருக்கிறது. “ஆம்பூர்ல தச்சவங்க இங்க வந்தா முதல் மாசம் திணறுவாங்க மாமா. கை நல்லா இருக்கும், வேகம் வேற.” ஆம்பூர் முதலாளிகள் அந்தப் பக்கம் போவார்களா, தோலோடு நிற்பார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆம்பூர் மெர்ச்சண்டைசர்

சிலர் போகிறார்கள். எங்கள் இயக்குநர் மாட்டேன் என்கிறார். “ஒரு லட்சம் ஜோடி ஆர்டரில் நாம் அவர்களோடு ஓட முடியாது, 600 ஜோடி ஆர்டரில் அவர்கள் நம்மோடு ஓட முடியாது” என்பது அவர் கணக்கு. சரியா தப்பா, இன்னும் ஐந்து வருஷம் கழித்து இங்கே வந்து எழுதுகிறேன், வேலை இருந்தால்.

ஷிப்பிங் டாக்குமென்ட்ஸ், வேலூர்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட். அமெரிக்கா 7ஆம் தேதியிலிருந்து 25 சதவீதம், 27ஆம் தேதியிலிருந்து இன்னொரு 25 சதவீதம், மொத்தம் 50 சதவீதம் கூடுதல் இறக்குமதி வரி போட்டது. எங்கள் ஆர்டரில் பெரும்பகுதி அமெரிக்கா. 27க்கு முன் கப்பல் ஏறி, செப்டம்பர் 17க்கு முன் அங்கே கிளியர் ஆனால் இரண்டாவது 25 கிடையாது என்று விதி இருந்தது. உடனே பேக்கிங்கில் இரவு ஷிஃப்ட், எல்லோருக்கும் பிரியாணி, ஒரே ஆரவாரம். நான் மட்டும் கப்பல் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து கொழும்பில் மாற்றி நியூயார்க் போக நான்கு வாரத்துக்கு மேல். ஆகஸ்ட் 25இல் ஏற்றினால் 17க்குள் போய்ச் சேராது. போய்ச் சொன்னேன். “அப்படியா?” என்றார்கள். பிரியாணி ஆறிவிட்டது.

நல்ல மார்ஜின் இருந்த 40 அட்டைப்பெட்டியை மட்டும் விமானத்தில் அனுப்பினோம். மீதிக்குப் பையர், “வரியில் பாதி நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்” என்றார். பக்கத்து கம்பெனியில் அமெரிக்கா பங்கு ஐந்தில் ஒன்றுதான், அவர்கள் முடியாது என்று சொன்னார்கள். எங்களால் சொல்ல முடியவில்லை. ஒரே கஸ்டமர், ஒரே நாடு என்று இருந்தது வசதியாக இருந்த வரைக்கும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஃபார்மேட்டில் டாக்குமென்ட் போட்டுப் பழகியதால் எனக்கும் அது சுகமாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

ராணிப்பேட்டை காஸ்டிங்

எல்லோருக்கும் நன்றி. ஷிப்பிங் நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து எங்கள் மூன்று வருஷ இன்வாய்ஸை எடுத்து, கஸ்டமர் வாரியாகக் கூட்டிப் பார்த்தேன். ஒருவர் மட்டும் 64 சதவீதம். ஆலோசகரின் 42 ஸ்லைடில் இந்த எண் எங்கேயும் இல்லை.

இன்று காலை முதலாளியிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். “நீ போட்டியா?” என்றார். ஆமாம் என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இதை அந்த ஸ்லைடுல சேர்க்காதே. பேங்க்காரங்க பார்ப்பாங்க.” நான் கதவு வரை போனதும் கூப்பிட்டு, அந்த வெல்ட் தையல் மெஷின் என்ன விலை என்று விசாரிக்கச் சொன்னார்.