மாக்ஸ் எர்ன்ஸ்ட் ‘மழைக்குப் பின் ஐரோப்பா’: எது அச்சு, எது தூரிகை, எதற்குப் பொருள் சொல்வது?

கோட்டைமேடு:
காட்பாடியில் ஓவியம் பயிலும் பிள்ளைகளுக்கு ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட்டின் இந்த ஓவியத்தை (இதே தலைப்பில் அவர் செய்த இரண்டில் இரண்டாவது, 1940–42) விளக்க வேண்டும். பாசியும் பவளமும் எலும்பும் கலந்த அந்தப் பாறைக் குவியலை எப்படி உண்டாக்கினார்? அக்ரிலிக்கில் செய்து பார்த்தால் தாள் பலகையோடு ஒட்டிக்கொண்டு கிழிகிறது. இன்னொன்று, அதில் தெரியும் ஒவ்வொரு உருவத்துக்கும் குறியீட்டுப் பொருள் தேட வேண்டுமா?

மைஉருளை:
அது டெகால்கோமேனியா, ஈர வண்ணத்தை அழுத்திப் பிரித்து உரு எடுக்கும் அச்சு முறை. 1936 வாக்கில் ஆஸ்கார் டொமிங்கெஸ் என்ற ஓவியர் காகிதத்தில் குவாஷ் (ஒளி ஊடுருவாத நீர் வண்ணம்) வைத்துச் செய்ததை எர்ன்ஸ்ட் எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுவந்தார். ஈர வண்ணத்தின் மேல் கண்ணாடியையோ வழவழப்பான தாளையோ அழுத்தி எடுப்பதுதான் வேலை. எடுக்கும்போது ஓரத்திலிருந்து காற்று உள்ளே புகுந்து வண்ணத்தைக் கிளை கிளையாகப் பிளக்கிறது. அந்தப் பவள உரு அப்படி வருவது, தூரிகையால் வராது.

6 மி.மீ. எம்டிஎஃப் (மரநார் அழுத்திய) பலகையில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று கோட்டிங் அடித்து, 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். மேலே சொரசொரப்பு இருந்தால் கிளை பாதியில் அறுந்துவிடும். டியூப் வண்ணத்தில் டர்பன்டைன் சொட்டுச் சொட்டாகக் கலந்து கெட்டி மோர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். டர்பன்டைன் கூடினால் பிரிந்த கிளைகள் மறுபடி ஓடி ஒன்றாகிவிடும். பூச்சு தடித்தாலும் கோளாறுதான், நாலைந்து பெரிய கிளையோடு நின்றுபோகும். பழுப்பு, பச்சை, ஓக்கர் (காவி மஞ்சள்) மூன்றையும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓஎச்பி ஷீட்டை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) மேலே போட்டு உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே அழுத்தி, ஒரு மூலையைப் பிடித்து நிற்காமல் உரித்து எடுங்கள். நடுவில் நின்றால் அங்கே கோடு விழும்.

அக்ரிலிக் கிழிவதற்குக் காரணம் நம்ம ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் தண்ணீர் வற்ற இரண்டு நிமிஷம் போதும், வண்ணம் கோந்தாகிவிடும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலக்கலாம். ஆனால் டப்பாவில் போட்ட அளவைத் தாண்டினால் பிசுபிசுப்பு நாள்கணக்கில் போகாது. காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் ஷீட் வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

பாலாற்றுமணல்:
மைஉருளை சொன்னதில் முக்கியமான அடுத்த கட்டம் விடுபட்டிருக்கிறது: வானம். அச்சு காய்ந்த பிறகு எர்ன்ஸ்ட் தெளிவான நீல வானத்தைத் தூரிகையால் தீட்டி, பாறைகளின் ஓரத்தை அந்த நீலத்தால்தான் வெட்டியெடுக்கிறார். எங்கே வானம் நிற்கிறதோ அங்கே உருவம் பிறக்கிறது. செய்முறையில் ஒரு எச்சரிக்கை: கீழ் அடுக்கில் ஆளிவிதை எண்ணெய் அதிகமாகவும் மேலே வானத்தில் டர்பன்டைன் அதிகமாகவும் இருந்தால் வானம் பிளக்கும். அடியில் எண்ணெய் குறைவு, மேலே கூடுதல். நடுவில் ஒரு வாரமாவது காய விடுங்கள்.

பொருள் விஷயத்துக்கும் இதுவே வழி. தானாக விழுந்த பாறைக்குள் ‘இது கழுகு, இது மண்டையோடு’ என்று தேடுவது மேகத்தில் உருவம் பார்ப்பது. வேண்டுமென்றே தீட்டியதற்குப் போங்கள். நடுவில் தலைக்கவசம் அணிந்த பறவைத்தலை ஆள் ஒருவன் ஈட்டியோடு நிற்கிறான், பக்கத்தில் ஒரு பெண். பறவை எர்ன்ஸ்ட்டுக்குப் பழைய சொத்து, லோப்லோப் என்று பெயரிட்டுத் தன்னையே அதில் வைத்தவர். ஆனால் இங்கே அது ஆயுதம் ஏந்தியிருக்கிறது. ஜெர்மானியர் என்பதால் 1939-இல் பிரான்ஸ் அவரை லே மில் முகாமில் அடைத்தது. ஓவியத்தைப் பிரான்சில் தொடங்கி அமெரிக்காவில் முடித்தார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ஆயுதம் ஏந்திய அந்தப் பறவையை வெறும் எதிரியாக மட்டும் படிக்க முடியாது.

ஜலகண்டன்:
ஒத்துக்கொள்கிறேன், முழுசாக அல்ல. அச்சில் ஆயிரம் உரு விழும், எதை வானத்தால் மூடாமல் விட்டார் என்பதும் தேர்வுதானே? நம்ம வேலூர்க் கோட்டைக் கோயில் கல்யாண மண்டபத்து யாளியில் ஒவ்வொரு பல்லும் உளி தீர்மானித்தது. இங்கே தீர்மானம் செதுக்கலில் இல்லை, மிச்சம் வைப்பதில் இருக்கிறது. அதனால் பாறையைப் படிக்கலாம், ஆனால் தனி உருவாக அல்ல, மொத்தமாக: கட்டடமா, உடலா, தாவரமா என்று பிரிக்க முடியாத அழிவாக.

தலைப்பும் போரில் பிறந்ததல்ல. இதே தலைப்பில் 1933-இலேயே பிளைவுட்டில் பிளாஸ்டரும் எண்ணெய் வண்ணமும் கொண்டு, உருக்குலைந்த ஐரோப்பா வரைபடம் ஒன்று செய்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். டாலியின் உருகும் கடிகாரத்தை (1931) ஒப்பிடச் சொல்லாதீர்கள். அது 24 × 33 செ.மீ. பரப்பில் முழுக்கத் தூரிகை, எறும்பு வரை கையால் வைத்தது. இதுவோ ஏறத்தாழ 55 × 148 செ.மீ., படிக்கும் முறையே வேறு.

கோட்டைமேடு:
நன்றி அண்ணே. பிராட்டாஜும் (சொரசொரப்பான பரப்பின் மேல் தாள் வைத்துத் தேய்த்து உரு எடுக்கும் எர்ன்ஸ்ட்டின் முறை) சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். கோட்டைத் தூண்களில் தாள் வைத்துத் தேய்க்கலாமா?

ஜலகண்டன்:
வேண்டாம் தம்பி, தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். எர்ன்ஸ்ட் 1925-இல் தொடங்கியது மரத்தரையில்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் கிடைக்கும் தோல் வெட்டுத்துண்டு, பனையோலை, கொத்தாத அம்மியின் அடிப்பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தாள், 6பி பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்கணும். தாள் நகர்ந்தால் ரேகை இரட்டையாகிவிடும், நாலு மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.