டர்போ வேலை பெருகிய கதை: தமிழக-கேரள எல்லையோர அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றி, கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் தள்ளி இழுவையைக் கூட்டும் சாதனம்தான் டர்போ. நான் பட்டறை வேலைக்கு வந்த புதிதில் டர்போ என்றால் லாரிதான். பொள்ளாச்சிப் பக்கமிருந்து தேங்காய் ஏற்றி வரும் வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு வந்து நிற்கும், கழற்றுவோம். மாதத்துக்கு ஒன்றிரண்டு வந்தாலே அதிகம். இப்போது மூன்று சிலிண்டர் பெட்ரோல் காருக்கும் டர்போ பார்க்கிறேன்.

வேகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் மக்கள் டர்போ வாங்குகிறார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வரியும் புகை விதியும்தான் அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தன. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு. அந்தச் சின்ன இன்ஜின் ஐந்து பேரையும் ஏசியையும் இழுக்க வேண்டுமே! டர்போ வைத்த 998 சிசி, சாதாரண 1500 சிசிக்கு ஈடு கொடுக்கிறது. அப்புறம் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற கடுமையான புகை விதி வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் சாமான் கூடியதால் சின்ன டீசல் கார் விலை ஏறியது. மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. டீசலின் இழுவைக்குப் பழகியவர்கள் பெட்ரோல் டர்போ பக்கம் திரும்பினார்கள்.

செங்கோட்டையிலிருந்து:

கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொன்னது சரி. நான் காய்கறி ஏற்றிக்கொண்டு ஆரியங்காவு வழியாகப் புனலூருக்குப் பிக்கப் ஓட்டுகிறேன். போன வருடம் மலையேற்றத்தில் விசில் மாதிரி ஒரு சத்தம், உடனே இழுவை போய்விட்டது. ஒரு பட்டறையில் புது டர்போ மாட்டினார்கள். நாற்பதே நாள், அதுவும் போச்சு.

வேறொரு மெக்கானிக் டர்போவுக்கு ஆயில் போகும் பைப்பைக் கழற்றிக் காட்டினார். பலகாரச் சட்டியின் அடியில் பிடித்த கரி போல உள்ளே அடைத்திருந்தது. ஆயில் சரியாகப் போகாததால், டர்போவின் நடுத்தண்டான ஷாஃப்டை விரலால் அசைத்தால் ஆடியது, அதன் முனையில் உள்ள சின்னச் சக்கரத்தின் ஓரம் டர்போ கூட்டில் உரசித் தேய்ந்திருந்தது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் ஷாஃப்ட், மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்துதான் சுற்றுகிறது. பழைய பைப்பை அப்படியே விட்டதால் எனக்கு இரண்டு டர்போ காசு போனது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது. மலை ஏறி நிறுத்தினால், சூட்டில் ஆயில் கரியாகாமல் இருக்க, இப்போதெல்லாம் ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுத்தான் அணைக்கிறேன்.

கம்பத்திலிருந்து:

ஸ்பேர் கடை வைத்திருக்கிறேன். குமுளி மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் எங்கள் வாடிக்கை. மேலே போகப் போகக் காற்று இலேசாகிவிடும், டர்போ இல்லாத பழைய ஜீப் அங்கே திணறும். இப்போது வரும் வண்டியெல்லாம் டர்போதான். முழு டர்போ விலை கட்டுப்படியாகாமல் முக்கால்வாசிப் பேர் நடுவில் ஷாஃப்டும் சக்கரங்களும் உள்ள கோர் என்ற பகுதியை மட்டும் கேட்கிறார்கள்.

எலெக்ட்ரிக் வண்டியில் டர்போ கிடையாது. காரெல்லாம் அந்தப் பக்கம் போகப் போக எங்களுக்கு வியாபாரம் குறையும், அந்தக் கவலை எனக்கு உண்டு. ஆனால் மலையேறும் லோடு வண்டி இன்னும் டீசலில்தான் ஓடுகிறது. செங்கோட்டைத் தம்பி எழுதியதைப் படித்த பிறகு, நேற்று கோர் கேட்டு வந்த ஒருவரிடம் ஆயில் பைப்பையும் மாற்றச் சொன்னேன். விலை கேட்டு யோசித்தார், பிறகு சேர்த்தே வாங்கிப் போனார்.