வெங்காயம் கழுத்தில் அழுகுகிறது, எங்கே தவறு செய்தேன்?

புதுப்பாத்தி:
முதல்முறையாகப் பெரிய வெங்காயம் போட்டு, சுமார் 12 கிலோ எடுத்தேன். இரண்டு மாதம் ஆகிறது. மேல்தோல் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கழுத்துப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. நெடுக்காக வெட்டிப் பார்த்தால் நடு அடுக்குகள் வேகவைத்தது போலப் பழுப்பாக இருக்கின்றன, இடுக்கில் சாம்பல் நிறப் பூசணம். இப்படி ஆறேழு போய்விட்டன. மீதியை எப்படிக் காப்பாற்றுவது?

நிழல்கொட்டகை:
பிடுங்கும்போது தாள் (மேலே நிற்கும் பச்சை இலைகள்) தானாகச் சாய்ந்திருந்ததா? எப்படிக் காயவைத்தீர்கள்? எதில் வைத்திருக்கிறீர்கள்?

புதுப்பாத்தி:
பாதிகூடச் சாயவில்லை. மழை வருகிறதே என்று அவசரமாகப் பிடுங்கினேன். மண் போகக் கழுவி, அன்றைக்கே தாளை ஒட்ட நறுக்கிவிட்டேன். ஒரு நாள் வெயிலில் வைத்து எடுத்து, பிளாஸ்டிக் கூடையில் கொட்டி உருளைக்கிழங்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவசரக்குடுக்கை:
எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் போடுங்கள், பிரச்சினை முடிந்தது.

நிழல்கொட்டகை:
ஃபிரிட்ஜ் வேண்டாம். குளிர்கிடங்குகளில் 0 டிகிரிக்கு ஒட்டி, ஈரமில்லாமல் வைப்பார்கள். வீட்டு ஃபிரிட்ஜ் அவ்வளவு குளிராகவும் இருக்காது, உள்ளே ஈரமும் அதிகம். வெளியே எடுத்ததும் குருத்து விட ஆரம்பிக்கும். வெங்காயத்துக்கு ஒன்று நல்ல குளிர் வேண்டும், இல்லையென்றால் 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். இடைப்பட்ட 10–20 டிகிரியில்தான் சீக்கிரம் முளைக்கும். வெப்பத்தில் வைத்தால் எடை குறையும்.

உங்களுடையது கழுத்தழுகல் என்றுதான் தோன்றுகிறது. பூசணம் செடியிலேயே இருந்திருக்கும். தாள் சாய்ந்து கழுத்து சுருங்கிக் காய்ந்துவிட்டால் அதற்கு வழி அடைபடும். நீங்கள் பச்சைக் கழுத்தை வெட்டி வாசலைத் திறந்தே வைத்துவிட்டீர்கள், கழுவிய ஈரம் வேறு. அடுத்த முறை பாதிக்கு மேல் தாள் சாயட்டும், அதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கழுவக் கூடாது, மண்ணை உதறினால் போதும். காற்றோட்டமான நிழலில் தாளோடு பரப்பி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். கழுத்தை விரல்களுக்கிடையில் உருட்டும்போது வழுக்காமல் காகிதம் போலச் சரசரத்தால் சரி. அப்புறம்தான் இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். கெட்டதை வெளியே எறியுங்கள். கழுத்து தடித்தவை எப்படியும் தாங்காது, முதலில் சமையலுக்கு எடுங்கள். மீதியை வலைப்பையில் தொங்கவிடுங்கள். உருளைக்கிழங்கு மூச்சுவிடும் ஈரம் வெங்காயத்துக்கு ஆகாது, பிரித்துவிடுங்கள்.

புதுப்பாத்தி:
பிரித்துப் பார்த்தேன். இன்னும் ஒன்பது மெத்தென்று இருந்தன, எல்லாமே தடித்த கழுத்து! கூடையின் அடியில் இருந்தவைதான் அதிகம். நான்கைந்தில் பூந்தண்டு வந்திருந்தது, அவற்றை வைக்கலாமா?

நிழல்கொட்டகை:
நடுவில் கட்டையான தண்டு இருக்கும், அங்கிருந்துதான் அழுகும். இந்த வாரமே வதக்கிவிடுங்கள்.