கொங்கிறீட் வேலையில பொடியன் மயங்கி விழுந்திட்டான், நாங்க விட்ட பிழை என்ன?

கிரான் மேசன்:
கிரான் பக்கம் 17 வருசமா மேசன் வேலை செய்றன். இப்ப ஒன்பது பேர வச்சு வீட்டு வேலை எடுத்துச் செய்றன். போன புதன் மாடிக்குக் கொங்கிறீட் போட்டம். கச்சான் காத்து அடிச்சுக் கொளுத்தின நாள். வாகரைப் பொடியன் ஒருத்தன், வயசு 19, வேலைக்கு வந்து ரெண்டாம் நாள், விடியலிருந்து தாச்சி தூக்கினவன். 12 மணிபோல ஏணிக்குக் கீழ நிண்டுகொண்டு என்னப் பார்த்து, "ஆட்ட அவுத்து விட்டயா?" எண்டு கேட்டான். அங்க ஆடுமில்ல மாடுமில்ல. மத்தவங்க சிரிச்சாங்க. ரெண்டு நிமிசத்துல மணல் கும்பியில விழுந்திட்டான்.

உடம்பு தொட ஏலாத சூடு. ஆனா சேட் தொப்பலா நனைஞ்சிருந்திச்சு. வேர்க்குதுதானே, பசி மயக்கமாக்கும் எண்டு சோடாவ வாயில ஊத்தினன். புரையேறிட்டு. மறுகா ஓட்டோவில ஏத்தி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக அரை மணித்தியாலம். நாலு நாள் வச்சிருந்து அனுப்பினாங்க. முதல் ரெண்டு நாளும் மூத்திரம் தேத்தண்ணிச் சாயம் மாதிரிப் போனதாம். அவன்ட தாய் என்னை ஒரு வார்த்தை ஏசல்ல. அதுதான் நெஞ்சுக்குள்ள நிக்குது. இன்னொருக்கா இப்படி வரக்கூடாது. என்ன செய்யணும்?

கல்முனைத் தாதி:
அண்ணன், அது வெயில் அடிச்சதுதான். வேர்வை நிண்டாத்தான் வெயில் அடிச்சது எண்டில்ல. பாரமான வேலை செய்ற ஆளுக்கு வேர்த்தபடியே உடம்புச் சூடு 40 பாகையத் தாண்டும். தோலப் பார்க்காதீங்க, கதையக் கவனியுங்க. ஆட்டக் கேட்ட நேரமே சூடு மூளையத் தாக்கிட்டு.

சீமெந்து குழைக்கப் பரல்ல தண்ணி வச்சிருந்திருப்பீங்கதானே? அந்த அரை மணித்தியாலத்துக்கு மருந்து அந்தத் தண்ணிதான். விழுந்த இடத்துக்குப் பக்கத்து நிழல்ல கிடத்தி, சேட்டக் கழட்டி, வாளி வாளியா உடம்பெல்லாம் ஊத்துங்க. ரெண்டு பேர் மட்டையால விசுக்கிக்கொண்டே இருக்கணும். ஐஸ் கிடைச்சா கழுத்து, அக்குள், தொடையிடுக்குல வைங்க. ஒருத்தர் 1990 நம்பருக்கு அடிக்கட்டும், அந்த அம்புலன்ஸுக்குக் காசு குடுக்கத் தேவையில்ல. அது வாறவரைக்கும் ஊத்துறத நிப்பாட்டாதீங்க. நினைவு தடுமாறின ஆளுக்கு வாயில ஒண்டுமே குடுக்கக்கூடாது, ஒருக்களிச்சுக் கிடத்துங்க. பனடோலும் வேணாம். இது காய்ச்சல் இல்ல, அதால இந்தச் சூடு இறங்காது.

மூத்திரம் நிறம் மாறினது தசை சிதைஞ்சதால. அது சிறுநீரகத்தக் கெடுக்கும். கிளினிக்குக்கு விடாமப் போகச் சொல்லுங்க.

சம்மாந்துறை வயல்காரர்:
தம்பி, நீங்க "ரெண்டாம் நாள்" எண்டு எழுதினதுலதான் விசயம் கிடக்கு. எங்கட வயல் வட்டையிலயும் விழுறது பழைய ஆக்கள் இல்ல. புதுசா வாறவனும், காய்ச்சல்ல படுத்து எழும்பி வாறவனும்தான். உடம்பு வெயிலுக்குப் பழக ஒண்டு ரெண்டு கிழமை வேணும். புது ஆளுக்கு முதல் நாள் வெயில் வேலை அஞ்சில ஒரு பங்கு போதும், பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டுங்க. மிச்ச நேரம் நிழல்ல கம்பி கட்டட்டும். ஆனா சம்பளம் முழுசாக் குடுங்க. வெட்டினா, தலை சுத்தினாலும் வாய் திறக்க மாட்டான்.

கச்சான் காத்துல வேர்வை உடன காஞ்சிடும், எவ்வளவு தண்ணி போனதெண்டு ஆளுக்கே விளங்காது. தாகம் வரட்டுமெண்டு பார்த்திருக்காம 20 நிமிசத்துக்கு ஒரு கோப்பை குடிக்கணும். நாங்க பழஞ்சோத்துத் தண்ணியில உப்பும் வெங்காயமும் போட்டுக் குடத்தோட வரம்புல வைப்பம். நோன்பு காலத்துல சுபஹு தொழுதிட்டு இறங்கி 10 மணிக்குள்ள ஏறிடுவம்.

கிரான் மேசன்:
மிஸி, பரல் அவன் விழுந்த இடத்துக்கு நாலு முழம் தள்ளித்தான் நிண்டது, வாய் முட்டத் தண்ணியோட. என் கண்ணுக்கு அது சீமெந்துத் தண்ணியாத்தான் தெரிஞ்சுது. வயல்காரக் காக்கா சொன்னபடி நாளையிலிருந்து 5.30க்குத் தொடங்கி 10.30க்கு நிப்பாட்டி, பின்னேரம் 3.30க்குத் திரும்பத் தொடங்குறம். ஜீவனி உப்புக் கரைசல் பைக்கற் கரைச்சு வச்சா எல்லாரும் குடிக்கலாமா?

கல்முனைத் தாதி:
நல்லா வேர்க்கிறவங்களுக்குக் குடுக்கலாம். ஒரு பைக்கற்ற முழுசா 1 லீற்றர் கொதிச்சாறின தண்ணியில கரையுங்க, பாதி பாதியாப் போடாதீங்க. 24 மணித்தியாலம் தாண்டினா ஊத்திடுங்க. பிரசர், சிறுநீரக வருத்தக்காரர் டொக்டரக் கேட்டுட்டுத்தான் குடிக்கணும். அந்தப் பொடியன டொக்டர் சொல்லாம வெயில்ல இறக்கிடாதீங்க அண்ணன். ஒருக்கா அடிச்ச உடம்பு கொஞ்ச நாளைக்குச் சின்ன வெயிலையும் தாங்காது.