கிஃப்ட் கார்டு ஆஃபர்: மிச்சம் பிடிக்கவும் பறிகொடுக்காமல் இருக்கவும்

(அமெரிக்கக் கடைகளின் கிஃப்ட் கார்டு பற்றி நான்கு பேர் புனைபெயரில் பேசுகிறார்கள். தொகைகள் டாலரில்.)

சில்லறைக்கணக்கு:
"50க்கு கார்டு வாங்கினால் 10 போனஸ்" என்று பார்த்ததும் 20 சதவீதத் தள்ளுபடி என்று தோன்றும். இல்லை. 50 கொடுத்து 60க்குச் சாமான் வாங்குகிறோம், அதாவது 16.7 சதவீதம்தான். அதே 50 கார்டை 40க்குக் கொடுத்தால்தான் முழுசாக 20.

போனஸ் பெரும்பாலும் தனிக் கார்டாக வரும், அதற்குக் கெடுவும் தனி. அமெரிக்காவில் 2009ல் வந்த சட்டப்படி காசு கொடுத்து வாங்கிய கார்டு 5 ஆண்டுக்கு முன்பு காலாவதி ஆகக் கூடாது. இலவசமாகத் தரும் போனஸ் கார்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, ஒரே மாதத்தில்கூடச் செத்துப்போகலாம். சில போனஸ் இன்ன தொகைக்கு மேல் வாங்கினால்தான் கழியும். அந்தக் கெடுவுக்குள் எப்படியும் வாங்கப்போகிற பொருள் ஒன்று கையில் இல்லையென்றால், போனஸைப் பூஜ்யம் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

எந்தக் கடையிலும் செல்லும் விசா, மாஸ்டர்கார்டு வகையில் ஆக்டிவேஷன் கட்டணம், அதாவது கார்டுக்கு உயிர்கொடுக்கும் கட்டணம், உண்டு. 50 கார்டுக்குக் கட்டணம் 5 என்றால் எடுத்த எடுப்பிலேயே 10 சதவீதம் போச்சு. 200 கார்டுக்கு 7 வாங்கினாலும் 3.5தான். கட்டணம் தள்ளுபடி என்று ஆஃபர் வரும்போது மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

நல்ல லாபம் அடுக்குவதில்தான். தள்ளுபடியில் வாங்கிய கார்டு, கடையின் விலைக்குறைப்பு, கூப்பன், கார்டு வாங்கிய கிரெடிட் கார்டின் பாயின்ட் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக உட்காரும். உதைப்பது கேஷ்பேக் தளம்தான். கிஃப்ட் கார்டால் கட்டிய பில்லுக்குக் கேஷ்பேக் இல்லை என்று பல தளங்கள் நிபந்தனையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

லென்ஸ்காரர்:
கணக்கு சரி. ஆனால் ஸ்டாண்டில் தொங்கும் கார்டு என்றால் 16 சதவீத லாபமா 100 சதவீத நஷ்டமா என்பதைக் கவர்தான் முடிவு செய்யும். பணம் ஏறுவதற்கு முன்பே கார்டு நம்பரும் பின் (PIN) என்ற ரகசிய நம்பரும் அச்சாகி, யார் வேண்டுமானாலும் எடுக்கிற மாதிரித் தொங்குகின்றன. கோளாறே அங்குதான். திருடன் ஒரு கொத்தை எடுத்துப்போய், பசையைச் சூடுகாட்டி இளக்கியோ ஓரத்தை பிளேடால் கீறியோ கார்டை உருவி, நம்பரைக் குறித்துக்கொள்வான். சுரண்டும் பூச்சை எடுத்துப் பின்னைப் பார்த்துவிட்டு, மேலே புதுச் சுரண்டல் ஸ்டிக்கர் ஒட்டுவான். அது ரோல் ரோலாக விலைக்குக் கிடைக்கிறது. பிறகு கார்டைப் பழையபடி ஸ்டாண்டில் மாட்டிவிடுவான். அந்த நம்பர்களின் பேலன்ஸை ஒரு புரோகிராம் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். நீங்கள் கவுண்டரில் பணம் கட்டி, கார்டு உயிர்பெற்ற சில நிமிடத்தில் காலி.

இது தெருமுனைத் திருட்டு இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவு 2023 கடைசியில் 'புராஜெக்ட் ரெட் ஹுக்' என்று இதற்கென்றே தனி நடவடிக்கை தொடங்கியது. மேரிலாந்து மாநிலம் 2024ல் கார்டு உறை எப்படி இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டது.

இன்னொரு வகை, கவரின் பார்கோடு மேல் வேறு கார்டின் பார்கோடு ஸ்டிக்கரை ஒட்டுவது. நீங்கள் கட்டும் பணம் திருடன் கையில் இருக்கும் கார்டில் ஏறும். கவருக்குள் கார்டைப் பாதியாக வெட்டி நம்பர் உள்ள பகுதியை எடுத்துவிடுவதும் நடக்கிறது. சிலர் நம்பரில் இரண்டு மூன்று இலக்கத்தைச் சுரண்டி அழித்துவிடுவார்கள், உங்களால் செலவழிக்க முடியாமல் இருக்கட்டும் என்று.

எடுத்ததும் பார்கோடு ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். அச்சாக இருந்தால் வழுக்கும், ஸ்டிக்கராக இருந்தால் நகம் தட்டும். கவரின் நான்கு ஓரத்தையும் லேசாக வளைத்துப் பாருங்கள், பிளேடு கீறல் அப்போதுதான் வாய் திறக்கும். மடிப்பில் பசை பிதுங்கியிருந்தாலோ காகிதம் நார் நாராகக் கிளம்பியிருந்தாலோ விட்டுவிடுங்கள். பின் நம்பர் பூச்சு வெளியே தெரிகிற கார்டு என்றால் அதே வகையில் நாலைந்தை வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். ஃபேக்டரி பூச்சு கார்டோடு ஒட்டி மட்டமாக இருக்கும். ஒட்டிய பட்டை கொஞ்சம் கோணலாகவோ சின்னக் குமிழோடோ நிற்கும், வெள்ளி நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும்.

பழைய கல்லா:
"முன்னால் இருப்பதை விட்டு, பின்னால் இருக்கும் கார்டை எடு" என்று ஒரு யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை நம்பி உட்கார வேண்டாம். கொத்தாகத் திருடுகிறவன் கொத்தாகத்தான் மாட்டுவான். கவுண்டருக்குப் பின்னால் வைத்திருக்கும் கார்டு பரவாயில்லை.

லென்ஸ்காரர் விட்ட ஒன்று: பல கடைகளில் பில் தனி, ஆக்டிவேஷன் ஸ்லிப் தனி. பின்னால் புகார் என்று போனால் கார்டு கம்பெனி கேட்பது அந்த ஸ்லிப்பைத்தான், அதைத்தான் ஜனங்கள் கவுண்டரிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் கார்டு நம்பரின் கடைசி 4 இலக்கம் இருந்தால் அங்கேயே நின்று கவரைப் பிரித்து கார்டோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் மேனேஜரைக் கூப்பிட்டு ஆக்டிவேஷனை ரத்து செய்யச் சொல்லலாம். கடையை விட்டு வெளியே வந்துவிட்டால் "கார்டு கம்பெனியிடம் பேசுங்கள்" என்பதுதான் பதில்.

பரிசாகக் கொடுக்க வேண்டிய கார்டைப் பிரிக்க முடியாதே என்றால், ஸ்டாண்டு பக்கமே போக வேண்டாம். கம்பெனியின் சொந்தத் தளத்தில் மின் கார்டு வாங்குங்கள். பணம் கட்டிய பிறகுதான் நம்பர் உங்களுக்கு வரும், வழியில் கவர் பிரிக்க ஆளில்லை. பெறுபவரின் மெயில் முகவரியை மட்டும் இரண்டு தரம் சரிபாருங்கள்.

ரசீதுராணி:
வாங்கின கார்டை டிராயரில் போட்டு வைப்பதுதான் திருடனுக்குக் கொண்டாட்டம். கடைக்கு ஆப் இருந்தால் அன்றைக்கே உங்கள் கணக்கில் ஏற்றிவிடுங்கள். பேலன்ஸை முழுசாகக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும் கடைகளில், ஏறிய தொகையை அந்தப் பழைய நம்பரை வைத்து எடுக்க முடியாது. இரண்டாம் கை சந்தையில் மலிவாக வாங்கும் கார்டுக்கும் இதேதான், விற்றவரிடம் நம்பர் இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தத் தளம் தரும் உத்தரவாத நாட்களுக்குள் செலவழித்துவிட வேண்டும்.

பேலன்ஸ் பார்க்கக் கூகுளில் தேடாதீர்கள். மேலே வரும் விளம்பரங்களில் போலித் தளங்கள் கலந்திருக்கும், நம்பரையும் பின்னையும் நீங்களே தட்டிக் கொடுத்தது போலாகும். கார்டின் பின்பக்கம் உள்ள முகவரியைக் கையால் அடியுங்கள். அதற்கு முன் அந்த முகவரி அச்சா ஸ்டிக்கரா என்று ஒரு நகத்தட்டல்.

விசா வகைக் கார்டைப் பெட்ரோல் பம்பு மெஷினில் சொருகாதீர்கள். போடும் பெட்ரோலைவிடப் பெரிய தொகையை முன்கூட்டியே பிடித்துவைக்கும், பேலன்ஸ் போதாமல் கார்டு நிராகரிக்கப்படும். உள்ளே போய்த் தொகை சொல்லிக் கட்டுங்கள். செலவான கார்டையும் பொருளைத் திருப்பும் கெடு முடியும்வரை தூக்கிப்போடக் கூடாது, ரீஃபண்டு அதற்கே திரும்பி வரலாம்.

கடை திவாலானால்? வீட்டுச் சாமான் விற்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி பெட் பாத் அண்ட் பியாண்ட் 2023 ஏப்ரலில் திவால் மனு போட்டது, மே 8க்குப் பிறகு கார்டு செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆட்டம் காணும் கடை 30 சதவீதத் தள்ளுபடியில் கார்டு விற்றால் அடுத்த வாரம் வாங்கும் சாமானுக்கு மட்டும் வாங்குங்கள்.

சில்லறைக்கணக்கு:
ஒன்று சேர்க்கிறேன். கார்டைக் கிரெடிட் கார்டில் வாங்குங்கள், ரொக்கத்தில் வேண்டாம். காலியானது தெரிந்ததும் முதல் போன் கார்டு கம்பெனிக்கு: மிச்சம் இருந்தால் முடக்கச் சொல்லி, எந்தக் கடையில் எத்தனை மணிக்குச் செலவானது என்ற விவரத்தையும் புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கார்டின் இரு பக்கம், கவர், ஸ்லிப் எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டு, அவர்கள் கைவிரித்தால் அதே ஆவணங்களோடு கிரெடிட் கார்டு வங்கியில் ஆட்சேபம் பதியலாம். பணம் கிடைத்தே தீரும் என்று இல்லை. ரொக்கத்தில் வாங்கியவருக்கு அந்தக் கதவே கிடையாது.