ஹெல்ப்பா, அசிஸ்ட்டா? சிவியில் எதைப் போடுவது?

புறக்கோட்டைப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்குப் பக்கம் வேலை செய்கிறேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பிக்க சிவி எழுதினேன். கணக்காளருக்கு வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, சம்பளப் பட்டியல், பெறுமதி சேர் வரி வேலைகளில் 'ஹெல்ப்' பண்ணினேன் என்று போட்டிருந்தேன். கூட வேலை செய்யும் அண்ணா, எல்லாவற்றையும் 'அசிஸ்ட்டட்' என்று மாற்று, அதுதான் ஒஃபிஸ் இங்கிலிஷ் என்கிறார். இரண்டும் உதவிதானே? மாற்றினால் சரியா?

கொட்டாஞ்சேனை டீச்சர்:
மகள், அண்ணா சொன்னது பாதி சரி. ஹெல்ப் ஆங்கிலத்தின் சொந்தச் சொல். காலி முகத்திடலில் அலை இழுத்தால் யாரும் அதைத்தான் கத்துவார்கள். அசிஸ்ட், 'பக்கத்தில் நில்' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதனால் கொஞ்சம் உத்தியோகத் தோரணை.

ஆனால் பெரிய வித்தியாசம், வேலை யாருடையது என்பதில் இருக்கிறது. ஹெல்ப் பெரிய உதவிக்கும் வரும், சின்ன உதவிக்கும் வரும். அசிஸ்ட் என்றால் பொறுப்பு இன்னொருவருடையது, நீ கூட நின்று ஒரு பகுதியைச் செய்கிறாய். ஒப்பரேஷன் செய்பவர் சர்ஜன், அசிஸ்ட் பண்ணுபவர் பக்கத்தில் நிற்கும் டொக்டர். ஃபுட்போலில் கோல் ஒருவருக்கு, பந்தைக் கொடுத்தவருக்கு அசிஸ்ட். நம் ஏ.ஜி.ஏ.வையே பாருங்கள், அரசாங்க அதிபருக்குக் கீழே உதவி அரசாங்க அதிபர். 1992 சட்டத்தோடு அதிகாரம் பிரதேச செயலாளரின் கைக்கு வந்தது, பெயரில் இருந்த அந்த 'உதவி'யும் போனது. (இன்றைக்கும் பலர் ஏ.ஜி.ஏ. ஒஃபிஸ் என்றுதான் சொல்கிறார்கள்.)

ஆகவே, நீயே தனியாகச் செய்த வேலைக்கு இரண்டு சொல்லுமே வேண்டாம். 'பிரிபெயார்ட்' என்று நேராக எழுது. எங்கள் பெண்பிள்ளைகள் முழுதாகத் தாங்கள் செய்ததை இன்னொருவரின் கணக்கில் எழுதிக் கொடுப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுப்பதில்லை.

தெஹிவளை வாசகன்:
ஆட்சேர்ப்பு வேலையில் இருக்கிறேன். டீச்சர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். சிவியில் அசிஸ்ட் என்று கண்டால் நான் கேட்கும் முதல் கேள்வி, "அதில் உங்கள் பங்கு எது?" என்பதுதான்.

இலக்கணத்தையும் கவனியுங்கள் தங்கச்சி. ஹெல்ப்புக்குப் பிறகு வினைச்சொல் அப்படியே வரலாம், 'டு' போட்டும் வரலாம். அசிஸ்ட்டுக்குப் பிறகு நேராக அப்படி வராது. 'இன்' போட்டு 'இங்' வடிவம், அல்லது 'வித்' போட்டுப் பெயர்ச்சொல். 'அசிஸ்ட்டட் டு பிரிபெயார்' என்று எழுதி வரும் சிவிகள் நிறைய. சொல்லை மட்டும் மாற்றினால் உங்களுடையதும் அப்படித்தான் ஆகும்.

புறக்கோட்டைப் பிள்ளை:
நன்றி டீச்சர், நன்றி அண்ணா. கணக்கிணக்கக் கூற்றை நான்தான் தயாரிக்கிறேன், கணக்காளர் பார்த்துக் கையெழுத்து வைப்பார். சம்பளப் பட்டியல் அவருடையது, நான் லீவு நாட்களை மட்டும் பார்த்துக் கொடுப்பேன். வரிக்கு பில் பிரிப்பது நான், ரிட்டர்ன் அனுப்புவது அவர்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:
அப்படியென்றால் முதலாவதுக்கு பிரிபெயார்ட். மற்ற இரண்டுக்கும் தாராளமாக அசிஸ்ட்டட் போடு, அங்கே அது உண்மை. அனுப்புவதற்கு முன் கணக்காளரிடம் காட்டிவிடு மகள், அந்தக் கம்பெனிக்காரர் அவரிடம்தான் விசாரிப்பார்கள்.